இறக்கு மாஸ்டரும் அரைவால் அம்பயரும்

கம்பம் பள்ளத்தாக்கில் தூக்கக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாழைத்தார் தூக்க, ஏலக்காய் மூட்டை தூக்க, கட்சிக் கொடி தூக்க, பஞ்சாயத்தில் குரலைத் தூக்க, எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. தூக்கியதைக் கீழே வைக்கக் கற்றுக்கொடுக்கிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் உத்தமபாளையத்தில் இருக்கிறார். உலகம் என்பது கொஞ்சம் அதிகம் என்று நினைத்தால் தேனி மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒரு அங்குலம்கூட நான் குறைக்க மாட்டேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கத்தான் செய்யும். அது எங்கள் யாருக்கும் தெரியாது. கூரியர் உறையிலேயே 'இறக்கு மாஸ்டர், உத்தமபாளையம்' என்றுதான் எழுதியிருக்கும், அதுவும் ஒழுங்காக வந்து சேர்ந்துவிடும்.

ஜிம் மாஸ்டர் என்றதும் உங்கள் மனதில் ஒரு உருவம் வந்திருக்கும். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். இவர் ஒல்லி. ஐம்பது தாண்டியவர். முழுக்கைச் சட்டை, கணுக்காலுக்கு மேல் நிற்கும் பேண்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதி நான் பார்த்ததில்லை. புதிதாக வருகிறவர்கள் அவரிடமே வந்து, "மாஸ்டர் எங்கண்ணே இருக்காக?" என்று கேட்பார்கள். அவரும், "வருவாக, ஒக்காருங்க" என்பார். அந்த உட்காருவதிலேயே முதல் பாடம் ஆரம்பித்துவிடும் என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது.

ஜிம் என்பது ஒரு பழைய வாழைக்காய் குடோன். காய்களைப் பழுக்கப் போட்ட இடம். குடோன் காலியாகி வருடங்கள் ஆகியும் வாசனை காலி பண்ணவில்லை. உடம்பைக் குறைக்க வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்ததும் நேராகப் பழக்கடைக்குப் போய் இரண்டு உரித்தார்கள். உள்ளே கண்ணாடி கிடையாது. "கண்ணாடி இருந்தா வயித்த உள்ள இழுத்துக்கிருவாக. அப்பறம் நான் யாருக்குச் சொல்லிக்குடுக்க? இழுத்துக்கிட்ட ஆளுக்கா, இழுக்காத ஆளுக்கா?" என்று மாஸ்டர் கேட்பார்.

கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பூனை இருந்தது. வெள்ளையும் சாம்பலுமாக, அரைவால் பூனை. மீதி அரைவால் போன கதை எளிமையானது. ஒரு ஆள் இருபது கிலோ இரும்புத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, பெருமை தாங்காமல் அப்படியே கையை விட்டுவிட்டார். தட்டு வாலின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து பூனைக்கு ஒரு குணம் வந்துவிட்டது. ரேடியோ அலறினால் தூங்கும். பேண்டு செட்டோடு மாப்பிள்ளை ஊர்வலம் போனால் தூங்கும். சரவெடி வெடித்தால் ஒரு காதை மட்டும் மடக்கிக்கொண்டு தூங்கும். ஆனால் கனமான பொருள் ஒன்று 'தொப்' என்று தரையைத் தொட்டால் போதும், நாலு காலில் எழும்பிப் பக்கத்து டீக்கடைக்கு ஓடிவிடும்.

இந்தப் பூனையைத்தான் மாஸ்டர் அளவுகோலாக வைத்திருந்தார். ஜிம்மில் எல்லாரும் அதை அம்பயர் என்றார்கள். நீங்கள் பத்து முறை தூக்கி இறக்கியிருப்பீர்கள். பத்தாவதில் கொஞ்சம் சத்தம் வந்து பூனை ஓடிவிட்டால், மாஸ்டர் கண்ணைக்கூடத் திறக்காமல் சொல்வார்: "அம்பயர் எந்திரிச்சுருச்சுல்ல? அது செல்லாது. இன்னும் பத்து."

இந்த 'இன்னும் பத்து' அவருடைய வாயில் நிரந்தரமாகக் குடியிருந்த சொல். நன்றாகச் செய்தாலும் இன்னும் பத்து. மோசமாகச் செய்தாலும் இன்னும் பத்து. ஒருவர் ஓடி வந்து தனக்கு ஆண்குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னபோதும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டார் என்று கேள்வி.

ஒரு கல்யாண மாப்பிள்ளை வந்தான். வந்த வேகத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"கல்யாணத்துக்கு இருபத்தஞ்சு நாள் இருக்கு மாஸ்டர். போட்டோல சட்டைக் கை டைட்டாத் தெரியணும்."

"அதுக்கு டெய்லர்ட்டப் போனா ஒரு மணி நேரத்துல பிடிச்சுக் குடுத்துருவாரே. இங்கன எதுக்கு வந்த?"

"மாஸ்டர், வெளையாடாதீங்க."

"சரி, ஒக்காரு."

அவன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். பூனை டீக்கடைக்கு ஓடியது.

"மணமேடையிலயும் இப்பிடித்தான் ஒக்காருவியா? பொண்ணு பயந்துரும்ல. எந்திரி. மெதுவா ஒக்காரு. இன்னும் பத்து."

பதினெட்டு நாள் அந்தப் பையன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. வீட்டில் கேட்டால் ஜிம்முக்குப் போகிறேன் என்று சொல்லவும் வெட்கம், நாற்காலியில் உட்காரப் போகிறேன் என்று சொல்லவும் வெட்கம். கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். கை அப்படியேதான் இருந்தது. ஆனால் வரவேற்பில் மூன்று மணி நேரம், வந்த ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று, போட்டோவுக்குச் சிரித்து, மறுபடி பூப்போல உட்கார்ந்தான் பாருங்கள், மணமகளே இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அவன் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைத் தோழன் பாதியிலேயே காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டான்.

மேகமலைக்கு ஜீப் ஓட்டுகிற ஒரு டிரைவர் முழங்கால் வலியோடு வந்தார். மாஸ்டருக்கு ஒரு கண்டிப்பு உண்டு: அடிபட்டு வந்தால் முதலில் டாக்டர் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டைப் படித்துவிட்டு டிரைவரை ஜிம்முக்குள்ளேயே விடவில்லை. வாசலில் நின்ற அவருடைய ஜீப்பிலேயே உட்கார வைத்து, இறங்கச் சொன்னார். டிரைவர் வழக்கம்போலக் குதித்தார்.

"ஒரு நாளைக்கி எத்தன தடவ இப்பிடிக் குதிப்பீக?"

"எஸ்டேட்டு ரோட்டுல ஆளுக குடியிருக்குற ஒவ்வொரு லயத்துக்கும் நிப்பாட்டணும் மாஸ்டர். ஒரு முப்பது தடவ இருக்கும். ஆனா நான் மலை ஏறுற ஆளு, கால் கெட்டியா வேணும்."

"மலை ஏறுறது ஜீப்பு. நீங்க எறங்க மட்டுந்தான செய்றீக? அத ஒழுங்காச் செய்யுங்க."

கம்பியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, மற்றதை மெதுவாக வைத்து இறங்குவதற்கு இரண்டு வாரம் பயிற்சி. அதற்குப் பிறகுதான் உள்ளே அனுமதி. "ஏறுறப்ப ஆசை இழுத்துக்கிட்டுப் போயிரும். எறங்குறப்பத்தான் ஒடம்பு தனியா மாட்டிக்கிரும்" என்பார் மாஸ்டர். அவருடைய மொத்தப் படிப்பும் அவ்வளவுதான்.

கபடிக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. முத்துப்பாண்டி என்று ஒருவன், அணியின் கேப்டன், தொண்ணூறு கிலோ. என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவன். படித்தவன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மைதானத்தில் வருடா வருடம் பாய்வான், வருடா வருடம் கணுக்கால் பிசகும்.

"பாயிறது நல்லாத்தான் இருக்குடா. ஆனா வந்து எறங்குற காலு யாரோ இரவல் குடுத்த காலு மாதிரி வருது" என்று சொல்லி, மாஸ்டர் அவனையும் அவன் அணியையும் பெஞ்சில் ஏற்றிவிட்டார். வேலை ஒன்றே ஒன்றுதான். பெஞ்சிலிருந்து குதித்து, பூனை விழிக்காமல் தரையில் நிற்க வேண்டும்.

ஒருநாள் முகவரி கேட்டு உள்ளே வந்த ஒரு பெரியவர், பன்னிரண்டு தடியர்கள் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் வரிசையாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் காதில் கேட்டார்: "யாரும் தவறிட்டாகளா தம்பி?"

அந்த வருடம் கோப்பை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அரையிறுதியில் தோற்றார்கள். ஆனால் பன்னிரண்டு பேரும் அவரவர் காலில் நடந்து வந்து பஸ் ஏறினார்கள். அதற்கே மாஸ்டர் எல்லாருக்கும் டீ சொன்னார்.

நான் அங்கே எப்படி இருந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. எனக்கு முதுகு போயிருந்தது. மலையைப் புரட்டிப் போகவில்லை. வகுப்பில் கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தேன், குனிந்தவன் நிமிரவில்லை. பிள்ளைகள் நான் ஏதோ நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். தேனி டாக்டர் ஸ்கேன் பார்த்தார், முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கிறது என்றார். மருந்தும் ஓய்வும் முடிந்தபின், தெரிந்த ஆளிடம் முறையாக உடற்பயிற்சி செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

முதுகு போனால் போகட்டும், மாத்திரை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். எனக்கு அப்படி ஓட்ட முடியாத காரணம் ஒன்று இருந்தது. என் ஊர் அனுமந்தன்பட்டி. எங்கள் தெருத் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் மாதா சப்பரம் வீதி சுற்றும். எட்டுப் பேர் சுமப்போம். முன்தண்டின் இடது முனை எங்கள் குடும்பத்துத் தோளுக்கு. என் அப்பா முப்பது வருடம் சுமந்தார், பிறகு நான். எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு: கோயில் வாசலைச் சப்பரம் தாண்டுகிறபோது தண்டு உங்கள் தோளில் இருக்க வேண்டும். இரண்டு வருடம் விட்டால் மன்னிப்பு. மூன்றாவது வருடமும் விட்டால் இடம் அடுத்த சொந்தத்துக்குப் போய்விடும். முதல் வருடம் எனக்கு அம்மை. இரண்டாவது வருடம் சாக்பீஸ். மூன்றாவதுக்கு நான்கு மாதம்தான் இருந்தது.

அடுத்த சொந்தம் என்பது என் அத்தை மகன் சேசுராஜ். திராட்சைத் தோட்டக்காரர். வலது பின்தண்டில் நெடுங்காலமாக நிற்கிறவர். முன்னால் வர அவருக்கு ஆசை. வாரம் தவறாமல் ஒரு பை சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வருவார்.

"மாப்ள, முதுகு எப்பிடி இருக்கு? ஒண்ணும் அவசரமில்ல. நல்லா ரெஸ்ட் எடு. அடுத்த வருசமும் எடு."

அந்தச் சாத்துக்குடியைப் பிழிந்து குடிக்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மாஸ்டர் என் டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தார். "எங்க வலிக்கிதுன்னு டாக்டரு எழுதிட்டாக. நீங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க வாத்தியாரே."

"சப்பரம் தூக்கணும்."

"தூக்கி?"

"வீதி சுத்தணும்."

"சுத்தி?"

"எறக்கணும்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "எப்பிடி எறக்குவீக?"

நானும் பெருமையாகச் சொன்னேன். ஏழு இடங்களில் சப்பரம் நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் 'தடால்' என்று தரையில் போடுவோம். எவ்வளவு சத்தமோ அவ்வளவு வீரம். சத்தம் கேட்டதும்தான் பேண்டு நிற்கும், சாமியார் செபம் தொடங்குவார். "போன வருசம் இருந்த சத்தம் இந்த வருசம் இல்லையே" என்று யாராவது சொல்லிவிட்டால் எட்டுப் பேருக்கும் ராத்திரிச் சோறு இறங்காது. வருடத்துக்கு ஒரு கால்விரல் நசுங்கும். ஒவ்வொரு தடாலுக்கும் மாதாவின் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதை நேராக்குவதற்கென்றே, கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை ஒரு ஸ்டூலோடு பின்னால் வருவார்.

மாஸ்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மாதாவையா போடுறீக?"

"போடல மாஸ்டர். வைக்கிறோம்."

"தடால்னு சத்தம் வந்தா அதுக்குப் பேரு போடுறதுதான்."

மறுநாளே பயிற்சி தொடங்கியது. முதல் இரண்டு வாரம் பாயில் படுத்து மூச்சு விட்டேன். பிறகு ஒருக்களித்து எழுந்தேன். பிறகு காலி வாளியைத் தூக்கி வைத்தேன். வலித்தால் உடனே சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருநாள் சும்மா இருந்தேன், கண்டுபிடித்துவிட்டார். "பொறுத்துக்கிற ஆளு எனக்கு வேணாம் வாத்தியாரே. சொல்ற ஆளுதான் வேணும். சொல்லாத வலிக்கு நான் என்னத்தச் செய்ய?" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இதைவிடப் பெரிய தண்டனை முத்துப்பாண்டி. நான் வாளியை இறக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொல்வான்: "விடை சரி சார். ஸ்டெப்பு தப்பு." மூன்று வருடம் அவன் பேப்பரில் நான் சிவப்பு மையில் எழுதிய வாசகம் அது. ஒரு எழுத்து மாறாமல் வைத்திருந்தான்.

மூன்றாவது மாதம் நிறைய மணல் போட்ட வாளியைப் பூனை விழிக்காமல் இறக்கினேன். தலைகால் புரியவில்லை. அன்றைக்கென்று வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. அன்றைக்கென்று சேசுராஜும் சாத்துக்குடியோடு உட்கார்ந்திருந்தார். "விடு மாப்ள, நான் தூக்குறேன்" என்று எழுந்தார். "நீங்க ஒக்காருங்க மச்சான்" என்று சொல்லி, நானே தூக்கினேன். நன்றாகத்தான் தூக்கினேன். அவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்ததில் இறக்கத்தை மறந்தேன். கையை விட்டேன். 'தடால்.' முதுகு பிடித்துக்கொண்டது. சேசுராஜ் என்னை மெதுவாகக் கட்டிலில் படுக்கவைத்து, நிதானமாகச் சொன்னார்: "அதான் சொன்னேன், அடுத்த வருசமும் ரெஸ்ட் எடுன்னு."

டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்றார். நான்கு நாள் கழித்து மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தூக்குனீகளா?"

"தூக்குனேன்."

"எறக்குனீகளா?"

நான் இடுப்பைத் தடவிக் காட்டினேன்.

"யாரு பாத்தாக?"

"சேசுராஜ் மச்சான்."

"நல்லதாப் போச்சு. அவரக் கூட்டிட்டு வாங்க. மிச்ச ஆறு பேரையும் கூட்டிட்டு வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் இடத்தைப் பறிக்கக் காத்திருக்கிற ஆளை நானே கூட்டி வந்து பழக்குவதா? அதையே கேட்டும் விட்டேன்.

"வாத்தியாரே, கணக்குச் சொல்லிக்குடுக்குற ஆளு நீங்க. எட்டுல நீங்க ஒண்ணு. மத்த ஏழு பேரும் தடால்னு விட்டா, அம்புட்டுப் பாரமும் நிதானமா நிக்கிற ஆளு மேலதான் வந்து நிக்கும். உங்க முதுக மட்டும் சரி பண்ணி நான் என்ன செய்ய?"

ஊரில் போய்ச் சொன்னதும் பெரிய ரகளை. எட்டுப் பேரில் மூத்தவர் சவரிமுத்து அண்ணன் கொதித்தார்: "சத்தமில்லாம வச்சா மாதா வந்துருக்குன்னு தெருவுக்கு எப்பிடித் தெரியும்? திருட்டுத்தனமா வந்துட்டுப் போறதுக்கா திருவிழா?" கடைசியில் அவர்களை இழுத்து வந்தது என் பேச்சு இல்லை. பூனை ஒன்று மார்க் போடுகிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார்கள்.

மாஸ்டர் ஒரு இரும்புக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நீளக் கம்புகளைக் கட்டி, மணல் மூட்டைகளை அடுக்கி, மாதா இருக்க வேண்டிய இடத்தில் முத்துப்பாண்டியைச் சம்மணம் போட்டு உட்கார வைத்திருந்தார். அவனும் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டான். தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து தரைக்கு. முழங்காலை மடக்கு, முதுகை மடக்காதே. முதல் நாள் அவர்கள் போட்ட போட்டில் முத்துப்பாண்டி ஒரு பக்கம் உருண்டான், பூனை டீக்கடையில் போய் இரண்டு நாள் தங்கிவிட்டது.

இதில் என்னை நொறுக்கிய விஷயம், எட்டுப் பேரில் மிக அழகாக இறக்கியவர் சேசுராஜ். ஆயுள் முழுக்கத் திராட்சைப் பெட்டியைப் பழம் நசுங்காமல் வைத்துப் பழகிய கை. "வாத்தியாரே, இவரப் பாத்துப் படிங்க" என்றார் மாஸ்டர். சேசுராஜ் அன்று எனக்குக் கொண்டுவந்த சாத்துக்குடியை நான் முத்துப்பாண்டிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒருநாள் ஒருவர் வரவில்லை. "எட்டாவது ஆளா நீங்க பிடிங்க மாஸ்டர்" என்று முத்துப்பாண்டி கட்டில் மேலிருந்து கூப்பிட்டான். மாஸ்டர் காதில் விழாதது மாதிரி பூனைக்குப் பால் பார்க்கப் போய்விட்டார். அப்போதுதான் கவனித்தேன். தனியாக எவ்வளவோ தூக்கிக் காட்டுவார். நாலு பேர் சேர்ந்து பிடிக்கிற எதிலும் அவர் கை பட்டதே இல்லை.

பக்கத்து டீக்கடைப் பால்ச்சாமி டீ கொண்டு வந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறவர். மாஸ்டரை 'ஏலே' போட்டுக் கூப்பிடுகிற ஒரே ஆளும் அவர்தான். "அவன் பிடிக்க மாட்டான்" என்று சிரித்தார். "ஏலே, நீ சொல்றியா, நான் சொல்லவா?"

மாஸ்டர் பூனையின் பால் கிண்ணத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு பேரும் இந்தக் குடோன்லதான் லோடு எறக்குனோம். ஒரு நாளு நாலு பேரு சேந்து ஒரு இரும்பு உத்திரத்தத் தூக்குனோம். தூக்குறப்ப நாலு பேரு இருந்தோம். எறக்குறப்ப மூணு பேருதான். நாலாவது ஆளு எங்கன்னு பாத்தா, மூஞ்சில மொச்ச ஈய வெரட்டப் போயிட்டான் இந்தப் பய." டீயை ஆற்றிக்கொண்டே தன் காலைத் தட்டிக் காட்டினார். "ஒரு ஈக்காகக் குடுத்தேன் இந்தக் கால. அப்பறம் ஆஸ்பத்திரியில சொன்னதக் கேட்டுக் கேட்டு இவனே என்னைய நடக்க வச்சான். ஒரு வருசம். படியில எறங்கு, படியில எறங்குன்னு உசுர வாங்கிட்டான். நமக்கென்ன, மூட்ட தூக்குன ஆளு இன்னைக்கி டீக்கட மொதலாளி."

எல்லாரும் சிரித்தோம். மாஸ்டர் மட்டும், "டீ ஆறுது, குடிங்க. குடிச்சிட்டு இன்னும் பத்து" என்றார். இத்தனை நாளாக அவரைப் பைத்தியம் என்று ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டிச் சிரித்தவன் நான்.

சப்பரத்துக்கு முந்தின நாள் மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். "வாசல்ல இருந்து அஞ்சு நிறுத்தம் உங்களால முடியும். ஆறாவதுல முதுகு ஓய்வு கேக்கும். கேட்டா மறைக்காதீக."

மறுநாள் சாயங்காலம் எங்கள் ஊருக்கு வந்தார். கையில் ஒரு ஒயர் கூடை. கூடைக்குள் அம்பயர், சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கடையை அடைத்துவிட்டுப் பால்ச்சாமி. சவரிமுத்து அண்ணன் குரல் கொடுத்தார், தூக்கினோம். வெடிச் சத்தத்துக்கும் பேண்டுக்கும் நடுவே சப்பரம் கோயில் வாசலைத் தாண்டியது. தண்டு என் தோளில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலிருந்து சேசுராஜ் குரல் கேட்டது: "மாப்ள, எடம் ஒனக்குத்தான். மூச்ச விடு."

அவ்வளவு சாத்துக்குடிக்கும் அன்றைக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

முதல் நிறுத்தம். தோளிலிருந்து கைக்கு, கையிலிருந்து தரைக்கு. இறக்கிவிட்டோம். யாருக்கும் தெரியவில்லை. பேண்டு செட்டார் தடாலுக்காகக் காத்துக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். சாமியார் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். "ஏன் இன்னும் எறக்காம நிக்கிறாக?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "எறக்கியாச்சு ஆத்தா!" என்று எட்டுப் பேரும் கத்தினோம். கோயில்பிள்ளை ஸ்டூலில் ஏறி, மாதாவின் கிரீடத்தைப் பார்த்துவிட்டு, வேலை இல்லாமல் கீழே இறங்கினார். நான் கூட்டத்தில் மாஸ்டரைத் தேடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கூடைக்குள் பூனை தூங்கியது.

ஆறாவது நிறுத்தத்தில் முதுகு கேட்டது. சொன்னபடியே கேட்டது. மறைத்திருக்கலாம், இன்னும் ஒரே ஒரு நிறுத்தம்தான். ஆனால் அந்த மனிதரிடம் மூன்று மாதத்துக்கு மேல் படித்திருக்கிறேனே.

"மாஸ்டர், முதுகு கேக்குது."

நடுவழியில் தோள் மாற்றலாம், யாருக்குக் கொடுப்பது என்பது இடத்துக்காரன் விருப்பம். சுற்றி இருந்த சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். நான், "மாஸ்டர், நீங்க பிடிங்க" என்றேன்.

அவர் ஓரடி பின்னால் போனார். "நான் சேந்து தூக்குறதில்ல வாத்தியாரே. உங்களுக்குத்தான் தெரியுமே."

பால்ச்சாமி காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, கூடையை அவர் கையிலிருந்து பிடுங்கினார். "குடுறா பூனைய. போ."

போனார். கேன்வாஸ் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, என் அப்பா நின்ற இடத்தில் தோள் கொடுத்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். கோயில் வாசலில் கடைசி இறக்கம். "மெதுவா... மெதுவா..." என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். சப்பரத்தின் நான்கு காலும் தரையைத் தொட்டன. ஒரு சத்தம் இல்லை. ஏழு பேரும் கை எடுத்தார்கள். சாமியார் செபம் தொடங்கினார், முடித்தார். கூட்டம் பொரி வாங்கப் போனது. மாஸ்டர் மட்டும் முழங்காலை மடக்கியபடியே, இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பால்ச்சாமி போய் அவர் தோளைத் தொட்டார். "ஏலே, எறங்கிருச்சுடா. கைய எடு."

"எல்லாரும் எடுத்துட்டாகளா?"

"எடுத்துட்டாகடா."

"யாருக்கும் ஒண்ணும் இல்லேல?"

"ஒண்ணும் இல்ல. பூனையே முழிக்கல, பாரு."

அதற்குப் பிறகுதான் கையை எடுத்தார்.

இப்போது எனக்குத் தேனிக்கு மாறுதல் ஆகிவிட்டது. திருவிழாவுக்குத் தவறாமல் போகிறேன். ஐந்து நிறுத்தம் என் தோள், மிச்சம் அவர் தோள் என்பது இப்போது எங்கள் தெரு வழக்கமாகிவிட்டது. மற்ற நாட்களில் தண்ணீர்க் குடமானாலும், நோட்டுக் கட்டானாலும், தோளில் தூங்கிவிட்ட மகளானாலும், பக்கத்தில் எங்கோ ஒரு அரைவால் பூனை தூங்குவதாக நினைத்துக்கொண்டுதான் இறக்குகிறேன். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அதை அவரிடம் நேரில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும்: "சரி வாத்தியாரே, இன்னும் பத்து."